சுத்தமா வாசிக்கணுமா, சூடா வாசிக்கணுமா?

ராக் இசை பற்றி ஓர் எலக்ட்ரானிக்ஸ் பாடம்
(இறுதியாண்டு மாணவன், மின்னணு மற்றும் தகவல் தொடர்பியல் துறை)

ராக் இசை என்று பேச்சை எடுத்தால் போதும், நம் விடுதியில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒன்று விரல் வேகக் கட்சி. "பதினெட்டு நிமிஷம் ஒரே பாட்டு, அதுக்குள்ள எத்தனை தடவை தாளம் மாறுது பாரு மச்சான்! இவன்தான்டா கத்துக்கிட்டு வாசிக்கிறவன்" என்பார்கள். இன்னொன்று மூன்று கார்டு கட்சி. "கத்துக்கிட்டு என்ன பண்றது? நெஞ்சுல படணும்டா. கரகரன்னு இருந்தாத்தான் அது ராக்கு" என்பார்கள். சாம்பார் ஆறிப் போகும், வழக்கு ஆறாது.

விடுதியோடு போனால் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஆனால் ஆண்டு விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே வழக்குதான் வருகிறது. பாட்டு கிளாசுக்குப் போனவன் மேடை ஏறுகிறான். ஊர்த் திருவிழாவில் அடித்துப் பழகியவனிடம், "சத்தமா இருக்குதுப்பா, கொஞ்சம் டீசன்டா ஏதாவது தெரியுமா?" என்று கேட்கிறோம். ஆகவே இது வெறும் ரசனைப் பேச்சு அல்ல. யாரை மேடையில் ஏற்றுவது, யாரை வாசலிலேயே நிறுத்துவது என்கிற பேச்சு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான் நண்பர்களே. கரடுமுரடான ஓசைக்கும் ஒரு தேர்ச்சி உண்டு. அது கல்லாமையால் வருவதல்ல. இதை நம் லேபில் இருக்கும் சி.ஆர்.ஓ. திரையிலேயே காட்டிவிடலாம்.

1. இரண்டு கட்சிகளின் வரலாறு

1960களின் கடைசியில் இங்கிலாந்தில் விரல் வேகக் கட்சியின் கை ஓங்கியது. 1969இல் டீப் பர்ப்பிள் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தது. 1972இல் 'எஸ்' என்ற குழு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டால் நிரப்பியது. நம் விடுதி நண்பர்கள் சொல்லும் அந்தப் பதினெட்டு நிமிஷப் பாட்டு அதுதான்.

இதற்கு எதிர்ப்பாட்டு நியூயார்க்கில் எழுந்தது. ராமோன்ஸ் என்ற குழு 1974இல் தொடங்கி, 1976இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதில் மொத்தம் 14 பாட்டு; எல்லாம் சேர்ந்து சுமார் 29 நிமிஷம்! 1977 தொடக்கத்தில் லண்டனில் ரசிகர்கள் நடத்திய ஒரு கைப்பத்திரிகை, மூன்று கார்டுகளின் படத்தைப் போட்டு, குழு தொடங்க இவ்வளவு போதும் என்ற பொருளில் எழுதியது. பங்க் இசை பரவியது இப்படித்தான்.

பிறகு ஊசல் திரும்பியது. 1984இல் ஸ்வீடன்காரரான இங்வி மால்ம்ஸ்டீன் மின்னல் வேக கிதாரோடு வந்தார். 1991 செப்டம்பரில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வந்தது. 1992 ஜனவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து மைக்கேல் ஜாக்சனையே அது இறக்கியது. கரகரப்புக்கு மீண்டும் மவுசு!

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ராமோன்ஸ் கிதார்காரர் ஜானி, அத்தனை வேகமான பாட்டுகளிலும் தந்தியை மேலிருந்து கீழாக மட்டுமே அடித்தவர். மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் கைக்குச் சுலபம். ஆனால் அந்த இறுக்கம் வராது. நம்பாதவர்கள் ஒரு பென்சிலை எடுத்து மேஜை விளிம்பில் வேகமாக, கீழ்நோக்கி மட்டும், மூன்று நிமிஷம் தட்டிப் பாருங்கள். மணிக்கட்டு பதில் சொல்லும்.

நிர்வாணாவின் அந்த இசைத்தட்டிலும், பிய்த்துக்கொண்டு வருகிற மாதிரி கேட்கும் குரலைப் பல இடங்களில் இரண்டு முறை பாடவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார் தயாரிப்பாளர் புட்ச் விக். 'அப்படியே' இருப்பதாகத் தோன்றும் ஓசைக்குப் பின்னால் எத்தனை மெனக்கெடல் பாருங்கள்.

2. ரிப்பேர் எப்படி சர்க்யூட் ஆனது?

இனி நம்ம துறைக்கு வருவோம். ராக் இசையின் அடையாளமே கிதாரின் 'கர்ர்ர்' என்கிற ஓசை. அது எப்படி வந்தது? சொன்னால் சிரிப்பீர்கள். ரிப்பேரிலிருந்து!

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டின் பதிவு நடந்தது. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார், மிக்சிங் கன்சோலில் பழுதான ஒரு சேனல் வழியாகப் போய்க் கரகரவென்று பதிவானது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள். பாட்டு 1961இல் வெளிவந்தது. மற்றவர்களும் அந்த ஓசையைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். பழுது எத்தனை நாள் நம்மோடு ஒத்துழைக்கும்? அங்கே இருந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, அதே பழுதை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டாக உருவாக்கினார். 1962இல் அது மேஸ்ட்ரோ என்ற பெயரில், காலால் மிதித்து இயக்கும் ஒரு சின்னப் பெட்டியாக விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதைப் பயன்படுத்திய பிறகு உலகமே வாங்கியது.

லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் வேறு வழியில் போனார். 1964இல் அவருக்கு வயது 17. தன் சின்ன ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறிவிட்டார். அந்த ஓசைதான் அவர்கள் குழுவின் முதல் பெரிய வெற்றிப் பாட்டைத் தூக்கி நிறுத்தியது.

கவனியுங்கள்: சேனல் கெட்டது தற்செயல். அதே பழுதை வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டாதபோது நிறுத்தவும் ஒரு பெட்டி செய்தது தொழில்நுட்பம். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

3. லேபில் செய்து பார்க்கலாம்

இரண்டாம் ஆண்டில் கிளிப்பர் சர்க்யூட் போட்டிருப்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு மறந்தும் இருப்பீர்கள். இப்போது அதையே காதால் கேட்டுப் பாருங்கள்.

பங்ஷன் ஜெனரேட்டரில் 200 ஹெர்ட்ஸ் சைன் அலை. தொடரில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். வெளியீட்டுக்குக் குறுக்கே இரண்டு 1என்4148 டையோடுகளை எதிரெதிராகப் போடுங்கள். அலை ஏறத்தாழ 0.6 வோல்ட்டைத் தாண்டும்போது டையோடு கடத்தத் தொடங்கும். அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். திரையில் சைன் அலை மெல்லச் சதுரமாக மாறுவதைப் பார்க்கலாம். சிலிக்கான் டையோடுக்குப் பதில் ஜெர்மானியம் டையோடு போட்டால், 0.2, 0.3 வோல்ட்டிலேயே வெட்டு தொடங்கிவிடும். ஆனால் வெட்டு மொண்ணையாக, ஓசை கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

இந்த வெட்டால் என்ன லாபம்? மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்ட அலையில் மூன்று, ஐந்து, ஏழு மடங்கு அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. 200 ஹெர்ட்ஸோடு 600, 1000, 1400. இதை ச ரி க ம-வில் சொல்வதானால், 200ஐ ச என்று வைத்துக்கொண்டால், 600 என்பது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். 1000 அதற்கும் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும் அந்தர காந்தாரம். அதாவது, ஒரே தந்தியைத் தட்டிய இடத்தில் ஒரு கூட்டமே பாடுகிறது!

இரண்டு சுரத்தைச் சேர்த்துத் தட்டினால் இன்னும் வேடிக்கை. ராக் கிதார்காரர்கள் பெரும்பாலும் ச-வும் ப-வும் மட்டும் சேர்ந்த 'பவர் கார்டு' பிடிப்பார்கள். "முழுக் கார்டு பிடிக்கத் தெரியாதவன்" என்று விரல் வேகக் கட்சி கேலி பேசும். கணக்கைப் பாருங்கள். 110 ஹெர்ட்ஸும் அதன் பஞ்சமமாகிய 165 ஹெர்ட்ஸும் வெட்டும் சர்க்யூட்டுக்குள் ஒன்றாகப் போனால், அவற்றின் வித்தியாசமும் கூட்டலும் வெளியே வரும்: 55, 220, 275... எல்லாமே 55இன் மடங்குகள்! யாருமே வாசிக்காத 55 ஹெர்ட்ஸ் அடிச்சுரம் நெஞ்சில் வந்து மோதுகிறது.

அந்த ச-வோடு காந்தாரத்தையும் சேர்த்தால்? கிதார் மெட்டில் காந்தாரம் 138.6 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ச-வின் ஐந்தாம் மடங்கு 550. காந்தாரத்தின் நான்காம் மடங்கு சுமார் 554. இவை இரண்டும் வினாடிக்கு நாலு தடவைக்கு மேல் மோதிக்கொள்ளும். சுத்தமான ஆம்ப்ளிபயரில் இந்த மடங்குகள் அடங்கிக் கிடக்கும், காது பொறுத்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட ஓசையில் அவை உரத்துப் பேசும், சேறாகிவிடும். ச-ப ஜோடியில் இந்த மோதல் வினாடிக்கு அரைத் தடவைகூட இல்லை. ஆகவே கரகர ஓசைக்கு மூன்றாவது சுரத்தை விட்டுவிடுவதுதான் பொருத்தம். இந்தக் கணக்கு ராக்காரனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவன் காதுக்குத் தெரிந்திருந்தது. காதுக்குத் தெரிவதும் தேர்ச்சிதானே?

4. தம்புராவில் ஒரு நூல்

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம். நம்ம இசை சுத்தமான இசை" என்று சிலர் சொல்வார்கள். சிதம்பரத்தில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வது சுலபம். அண்ணாமலை செட்டியார் 1929இல் இங்கே இசைக் கல்லூரி தொடங்கினார். இன்று அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை. அங்கே யாரிடமாவது தம்புராவின் குதிரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சின்ன நூலிழை இருக்கும். அதைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால், தந்தி குதிரையை உரசியும் உரசாமலும் ரீங்கரிக்கும். அந்த ரீங்காரத்தில்தான் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கும். நூலை எடுத்துவிட்டால் தந்தி வெறும் 'டொய்ங்'தான்!

சுத்தத்துக்குப் பெயர்போன நம் சங்கீதமே, வேண்டுமென்று சேர்த்த ஓர் உரசலின்மேல்தான் உட்கார்ந்து பாடுகிறது. நூல் வைப்பவருக்கும் டையோடு போடுபவருக்கும் நோக்கம் ஒன்று: மேல் மடங்குகளைத் தட்டி எழுப்புவது.

5. விரலில் ஒரு கூடு

கோயில் மேளத்தில் தவில்காரரின் வலக்கை விரல்களைப் பார்த்திருப்பீர்கள். துணியும் பசையும் சேர்த்து இறுக்கிக் காயவைத்த கூடுகளை மாட்டியிருப்பார். வெறும் விரலுக்கு அந்தக் கணீர் ஓசை வராது.

இதே மாதிரி ஒரு கூடு ராக் வரலாற்றையும் மாற்றியது. பர்மிங்காம் நகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த டோனி அயோமி, 1965இல் 17 வயதில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கக்காரர். தந்தியை அழுத்த வேண்டிய கையே வலக்கைதான். எல்லாம் முடிந்தது என்று சொன்னார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு அளவெடுத்துத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். அழுத்த இலகுவாக இருக்க மெல்லிய தந்திகளைப் போட்டார். பிற்பாடு 1971 இசைத்தட்டில் சில பாட்டுகளுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். பிளாக் சப்பாத் குழுவின் இருண்ட, கனத்த ஓசை இப்படிப் பிறந்தது. ஹெவி மெட்டல் என்று இன்று நாம் சொல்லும் இசைக்கு அதுதான் வேர்.

பிரஸ் ஷாப்பில் நிற்கப்போகிற மெக்கானிக்கல் நண்பர்களே, இது உங்கள் கதை. கையில் இருந்த பிளாஸ்டிக்கையும் தோலையும் வைத்து ஒரு 'ஜிக்' செய்தவர் அவர். இதைக் கரடுமுரடு என்பதா, தேர்ச்சி என்பதா?

6. தோல் யாருடையது?

இப்போது நம் மாவட்டத்துக்கே வருகிறேன். சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில், கொள்ளிடக்கரை ஆதனூர்க்காரரான நந்தனார் வருகிறார். அவர் செய்த தொண்டு என்ன தெரியுமா? கோயில் முழவுகளுக்குப் போர்த்தும் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தது. உள்ளே முழங்கிய இசைக்கு மூலப்பொருள் அவர் கையிலிருந்து போனது. அவர் மட்டும் வெளியே நின்றார்.

பறையின் கதையும் அதுதான். பல நூற்றாண்டாக அதை 'சத்தம்' என்று ஒதுக்கினோம். சாவுக்கு மட்டும் கூப்பிட்டோம். கருவியைக் கிட்ட வைத்துப் பாருங்கள். அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டிக் காய்ச்சுவார்கள். சூட்டில் தோலின் ஈரம் போகும், இழுவிசை ஏறும், சுருதி ஏறும். கடலூர் கடற்கரைக் காற்றிலும் மார்கழிப் பனியிலும் தோல் சீக்கிரம் தளர்ந்து 'தொப்பு தொப்பு' என்று ஆகிவிடும். எப்போது மறுபடி காய்ச்ச வேண்டும், எவ்வளவு நேரம் காட்டினால் தோல் கருகாது என்பதைக் கைதான் அறியும். மீட்டர் கிடையாது. ஒரு கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டுக்கும் இரண்டு ஓசை. இதைத் 'தெரியாமல் அடிப்பது' என்று எப்படிச் சொல்ல முடியும்?

ராக் இசையும் பறையும் ஒரே மேடையில் சேர்ந்த நேரமும் வந்தது. 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னின்றது. இசைப் பொறுப்பு டென்மாவுடையது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. எலக்ட்ரிக் கிதார், டிரம்ஸ், ராப் ஆகியவற்றோடு வடசென்னைக் கானாவும் பறையும் சரிசமமாக நின்றன. கானா என்பது சாவு வீட்டில், தெருவில், கிடைத்ததைத் தட்டி வளர்ந்த பாட்டு. அந்தக் குழுவின் கானாப் பாடகி இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2025இல் மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்த மேடையில் கானாக் குரலைக் கர்நாடக சங்கீதக் குரலாகத் தேய்த்து மெருகேற்றவில்லை. தேய்த்திருந்தால் சொல்ல வந்த சேதியே தேய்ந்து போயிருக்கும். அதே நேரம், இத்தனை கருவிகள் ஒன்றையொன்று அமுக்காமல் கேட்பதற்கு ஒத்திகையும் ஒலி ஏற்பாடும் வேண்டும். ஆக, இரண்டு கட்சியும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்தன.

7. அப்படியென்றால் எல்லாமே சரியா?

இல்லை. "நான் ராவா வாசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு ஒத்திகைக்கே வராமல் இருப்பது ராக் அல்ல, சோம்பேறித்தனம். வேகமாக விரலை ஓட்டிக் காட்டிவிட்டு, பாட்டுக்கு அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டால் முழிப்பதும் தேர்ச்சி அல்ல, சர்க்கஸ்.

எப்படிப் பிரித்தறிவது? கல்யாண மண்டபத்தில் மைக் 'கூ...' என்று ஊளையிடுவதைக் கேட்டிருக்கிறோம். ஸ்பீக்கரின் ஓசை மீண்டும் மைக்குக்குள் போய், சுற்றின் பெருக்கம் ஒன்றைத் தாண்டினால் ஊளை பிறக்கும். ஆசிலேட்டர் பாடத்தில் வரும் பார்க்ஹாசன் விதிதான். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் திருவிழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதே ஊளையைத் தன் கிதாரில் வரவழைத்து, வளைத்து, அமெரிக்க தேசிய கீதத்துக்கு நடுவே குண்டு விழுவது போல ஒலிக்கச் செய்தார். இத்தனைக்கும் அவருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. இயற்பியல் ஒன்றே. மண்டபத்து ஊளை யாருக்கும் அடங்காது. ஹெண்ட்ரிக்ஸின் ஊளை அவர் சொன்னபடி கேட்டது. நாஷ்வில் பழுதும் பெட்டியானபோது அப்படித்தான் சொன்னபடி கேட்கத் தொடங்கியது.

எனவே ஒரு குழுவைத் தேர்வு செய்யும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும் என்பது என் யோசனை. அந்தக் கரகரப்பை மறுபடி வாசி என்றால் வாசிக்க முடிகிறதா? அதை எடுத்துவிட்டால் பாட்டு குறைந்து போகிறதா? கூட வாசிப்பவனை அவன் கேட்கிறானா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அவன் தேர்ந்தவன். எந்த கிளாசுக்குப் போனான், எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது அதற்குப் பிறகு தேவையே இல்லை.

8. நம் பங்கு

டிப்ளமோ படிக்கும் நமக்கே ஒரு முத்திரை உண்டு. "தியரி பத்தாது, கைவேலைக்காரன்" என்பார்கள். கைக்கும் அறிவு உண்டு என்று தெரிந்த நாமே இன்னொரு கைவேலைக்காரனை அப்படிச் சொல்லக் கூடாது.

கடைசியாக, ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும் என் துறைத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பறை அடியின் உச்சம் ஒரு நொடிக்கும் குறைவாக வந்து போகும். ஆனால் பேச்சைவிடப் பல மடங்கு உயரமாக இருக்கும். பேச்சுக்கு வைத்த கெயினிலேயே விட்டால் மிக்ஸரின் முதல் கட்டமே வெட்டிவிடும். மாஸ்டர் வால்யூமைக் குறைத்தாலும் அந்த வெட்டு போகாது. மைக்கை மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். கெயினை இறக்குங்கள். சிவப்பு விளக்கு எரியாதவரை மட்டும் ஏற்றுங்கள். தோல் காய்ச்ச மேடைக்குப் பின்னால் பாதுகாப்பான ஓர் இடமும், மணல் வாளியும், ஐந்து நிமிஷ அவகாசமும் ஒதுக்குங்கள். கலைஞன் கேட்டு வாங்கிய கரகரப்பு அவனுடையது. கெயினைக் கவனிக்காததால் வந்த கரகரப்பு நம்முடையது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அவனைக் குறை சொல்ல வேண்டாம்.

வரும் ஆண்டு விழாவுக்கு இதைத் தேர்வுக் குழு பரிசீலிக்க வேண்டுகிறேன். கிளிப்பர் சர்க்யூட்டைக் காதால் கேட்க விரும்புகிறவர்கள், லேப் நேரம் முடிந்ததும் சாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். டையோடு என் செலவு!